தோள்சீலைப் போராட்டம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது. அது உயர்சாதியாரின் உரிமை. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டையைத் தைத்து அணிந்தனர். அதற்கு மேல் தோள்சீலையும் போட்டபோது, உயர்சாதியார் தெருவிலும் சந்தையிலும் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். 1829இல் வந்த அரசாணை, குப்பாயம் போதும், தோள்சீலை கூடாது என்றது. பெண்கள் பணியவில்லை. 1858, 1859இல் வீடுகளுக்குத் தீ வைத்தும் அவர்களை அடக்க முடியவில்லை. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலும் சேர, 1859 ஜூலையில் மன்னர் இறங்கிவந்தார். நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கொடிய நிபந்தனை அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அந்தப் பெண்கள் நாளடைவில் உடுத்தியே உடைத்தார்கள்.