முதல் வரம்

பூமியைப் பொறுமையின் வடிவமாகப் போற்றுவது நம் மரபு. காலையில் கண் விழித்ததும், தரையில் பாதம் பதிக்கும் முன்பே பூமித் தாயிடம் மன்னிப்பு வேண்டும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. பொறையுடைமையைப் பாட வந்த திருவள்ளுவரும் நிலத்தையே உவமையாகக் கொண்டார். அப்படிப்பட்ட தாய், ஒரு நாள் தன் மடியை உதறிவிட்டால் குழந்தைகள் எங்கே செல்வார்கள்?

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26, குடியரசு நாள். கட்ச் மாவட்டத்தின் பள்ளிகளில் கொடியேற்று விழாவிற்காகக் குழந்தைகள் கூடியிருந்தனர். காலை 8.46 மணிக்கு நிலம் அதிர்ந்தது. அஞ்சார் நகரின் குறுகிய தெரு ஒன்றில் மூவண்ணக் கொடியுடன் ஊர்வலமாக வந்துகொண்டிருந்த மாணவர்கள் மீது இருபுறத்துக் கட்டடங்களும் சரிந்தன. சுமார் 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் அங்கே உயிர் நீத்தனர். குஜராத் முழுவதிலும் மாண்டவர்கள் 13,800-க்கும் அதிகம். பள்ளிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் இடிந்தன அல்லது பிளவுற்றன.

அக்குழந்தைகளுக்காக அஞ்சாரில் எழுப்பப்பட்ட நினைவகம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திறந்து வைக்கப்பட்டது. மாண்டவர்களுக்கு நினைவகம் எழுப்பலாம். மீண்டவர்களுக்கு என்ன செய்வது? கூடாரங்களிலும் மரத்தடியிலும் பள்ளிகள் மறுபடியும் தொடங்கியபோது, சிலேட்டுடன் வந்து அமர்ந்த ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நம் சமயம் எதைத் தர முடியும்? ஆன்மிக வாழ்வில் நாட்டமுள்ள ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

யாருடைய பாவம்?

பேரழிவு நேர்ந்த உடனேயே மனித மனம் காரணம் தேடுகிறது. 'யார் செய்த பாவமோ!' என்று பெருமூச்சு விடுகிறது. இது புதிதன்று. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழகத்தில் பயணம் செய்துகொண்டிருந்த மகாத்மா காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் அந்தப் பேரழிவைத் தீண்டாமை என்னும் பாவத்துடன் தொடர்புபடுத்திப் பேசினார்.

மகாத்மாவிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த ரவீந்திரநாத் தாகூரால் இதை ஏற்க இயலவில்லை. இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. அவற்றை மனிதரின் நன்மை தீமைகளுடன் முடிச்சிடுவது அறிவுக்குப் பொருந்தாது என்று அவர் மறுத்தார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தமது 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கையையும் எடுத்துரைத்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் பீகாருக்குச் சென்று, துயருற்ற மக்களிடையே நிவாரணப் பணியில் ஈடுபட்டார். ஜனவரியிலேயே சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத் அங்கே அப்பணியைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருந்தார்.

இரு பெரியோரின் வாதத்தில் தீர்ப்புக் கூறுவது இங்கே நோக்கமன்று. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. கர்ம வினை என்னும் கோட்பாடு, மனிதன் தன் வாழ்வைத் தானே சோதித்துக்கொள்வதற்குத் தரப்பட்ட கண்ணாடி. பிறர் துயரை நிறுத்துப் பார்ப்பதற்கான தராசு அன்று. தன் துன்பத்தில் 'இது என் வினை' என்று ஒருவர் அமைதி கொண்டால் அது பக்குவம். இடிபாட்டில் தம்பியைப் பறிகொடுத்து நிற்கும் ஆறு வயதுச் சிறுமியிடம் 'இது உன் வினை' என்று மற்றவர் சொன்னால் அது கொடுமை. சொற்கள் ஒன்றேயானாலும், சொல்பவரும் கேட்பவரும் மாறும்போது தர்மமே அதர்மமாகிவிடுகிறது.

நசிகேதன் கேட்டது

மரணத்தின் வாசல்வரை சென்று திரும்பிய சிறுவன் ஒருவனை நம் சாஸ்திரம் அறியும். கடோபநிஷதத்தின் நசிகேதன் அவன். வேள்வியில் வற்றிப்போன பசுக்களைத் தந்தை தானமளிப்பதைக் கண்டு கவலையுற்று, 'என்னை யாருக்குத் தரப்போகிறீர்கள்?' என்று மூன்று முறை கேட்டான். சினந்த தந்தை 'யமனுக்கு' என்றார். யமன் இல்லத்தில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்த அவனுக்கு யமதர்மன் மூன்று வரங்கள் அளித்தான்.

நசிகேதன் என்றதும் நம் நினைவுக்கு வருவது மூன்றாவது வரம். 'மரணத்திற்குப் பின் என்ன?' என்னும் அந்த மாபெரும் கேள்வியிலிருந்தே உபநிஷதத்தின் தத்துவம் முழுவதும் விரிகிறது. ஆனால் அவன் கேட்ட முதல் வரம் எது? 'என் தந்தை கவலை நீங்கி, சினம் தணிந்து, மன அமைதியுடன் இருக்க வேண்டும். நான் திரும்பிச் செல்லும்போது என்னை அடையாளம் கண்டு அன்போடு வரவேற்க வேண்டும்' என்பதே அது.

ஆழ்ந்து நோக்கினால் இதன் அருமை புரியும். மரணத்தைக் கண்ட குழந்தைக்கு முதலில் வேண்டியிருப்பது, திரும்பி வரும்போது தன்னை ஏற்றுக்கொள்ளும் அமைதியான முகம். விளக்கம் பிறகு வரலாம். யமதர்மனும் 'இது அற்ப வரம்' என்று தள்ளிவிடவில்லை. உடனே அருளினான்; தந்தை இனி இரவுகளில் நிம்மதியாக உறங்குவார் என்றும் உறுதி கூறினான். மரண தேவனுக்கே தெரிந்த இந்த வரிசை நமக்கு மறந்துவிடுகிறது. துக்கம் ஆறாத வீட்டிற்குச் சென்று, 'ஆன்மா அழியாதது' என்று முதல் நாளிலேயே உபதேசம் செய்கிறோம். அது உண்மைதான். ஆயினும் அது மூன்றாவது வரம். முதல் வரத்தைத் தராமல் மூன்றாவதைத் தருவது, பசித்தவனுக்கு உணவிடாமல் உபவாசத்தின் பெருமையைப் போதிப்பது போன்றது.

கூடாரத்தில் ஒரு வகுப்பு

கட்ச் பகுதியின் கிராமம் ஒன்றில், கூடாரத்தில் தொடங்கும் வகுப்பை மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்போம். பின்னதிர்வுகள் இன்னும் ஓயவில்லை. சாலையில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. அடுத்த கணம் குழந்தைகள் அத்தனை பேரும் வெளியே ஓடுகிறார்கள். ஆசிரியை அதட்டவில்லை. தாமும் வெளியே வந்து மணலில் அமர்கிறார். ஒவ்வொருவராக அவரை நெருங்கி அமர்கிறார்கள். அன்றைய பாடம் அங்கேயே நடக்கிறது.

மறுநாள் வருகைப் பதிவேடு திறக்கப்படுகிறது. ஒரு பெயரை அழைத்ததும் பதில் வரவில்லை. இனி வரப்போவதுமில்லை. ஆசிரியையின் குரல் தழுதழுக்கிறது. அப்போது ஒரு சிறுவன், 'பென், அவன் பெயரை அடித்துவிடாதீர்கள்' என்கிறான். ஆசிரியையைச் சகோதரி என்னும் பொருள்பட 'பென்' என்று அழைப்பது குஜராத்தி வழக்கம். அவர் பேனாவை மூடி வைக்கிறார். எல்லோரும் சிறிது நேரம் கண்மூடி இருக்கிறார்கள். பிறகு அடுத்த பெயரை அழைக்கிறார்.

அந்த ஆசிரியைக்கும் வீடு இடிந்திருக்கலாம், உறவு போயிருக்கலாம். கடோபநிஷதம் ஓதத் தொடங்கும் முன் சொல்லப்படும் சாந்தி மந்திரம், குரு சீடன் இருவரையும் சேர்த்தே காக்குமாறு இறைவனை வேண்டுகிறது. காப்பவரும் காக்கப்பட வேண்டியவரே என்பது ரிஷிகள் கண்ட உண்மை. அச்சமே இல்லாதவர்தான் அபயம் அளிக்க வேண்டும் என்றால் உலகில் அபயம் அளிப்போர் வெகு சிலரே இருப்பர். தன் அச்சத்தை இறைவன் திருவடியில் வைத்துவிட்டு, நடுங்கும் கையாலேயே இன்னொரு நடுங்கும் கையைப் பற்றிக்கொள்பவரும் அபயம் அளிப்பவரே. கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வீகப் பண்புகளைப் பட்டியலிடும் பகவான், அபயத்தையே முதலில் வைத்திருப்பது எண்ணத்தக்கது.

சுவரும் ஒரு தர்மம்

அபயம் வெறும் சொல்லாக நின்றுவிடலாகாது. 'பயப்படாதே' என்று கூறிவிட்டு, பலமற்ற கூரையின் கீழ் குழந்தையை மறுபடி அமர்த்தினால் அது பொய்யாகிவிடும். 1819-இலும் 1956-இலும் பெரும் நிலநடுக்கங்களைக் கண்ட பூமி கட்ச். அம்மக்களின் மரபு வீடு 'பூங்கா' எனப்படும் வட்டவடிவ மண்வீடு. அதன் கூம்பு வடிவக் கூரை புல்லால் வேய்ந்தது. 2001-இல் கனத்த கல் சுவர்களும் பல மாடிக் கட்டடங்களும் சரிந்தபோது, அந்த எளிய வட்ட வீடுகளில் பல தாக்குப் பிடித்து நின்றன. தலைமேல் பாரம் குறைவு. சுற்றிலும் ஒரே பிடிப்பு. கட்டடக் கலைக்குரிய இந்த உண்மை மனித வாழ்வுக்கும் பொருந்தும். அகந்தையின் பாரம் குறைந்து, ஒருவரையொருவர் பற்றி நிற்கும் குடும்பமும் ஊரும் அதிர்ச்சியில் எளிதில் சிதறுவதில்லை.

ஆகவே பள்ளியின் சுவரை உறுதியாகக் கட்டுபவர், சிமெண்டிலும் கம்பியிலும் களவு செய்யாதவர், ஆபத்தில் மேசைக்கடியில் ஒதுங்கித் தலையைக் காத்துக்கொள்ளப் பயிற்சி அளிப்பவர் ஆகிய அனைவரும் அபய தானமே செய்கிறார்கள். கோயில் திருப்பணிக்கு உள்ள புனிதம் அதற்கும் உண்டு.

நிலநடுக்கம் கட்ச்சில் மட்டும் வருவதன்று. தந்தையின் மறைவு, தாயின் கொடிய நோய், பெற்றோரின் பிரிவு என்று ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தையின் காலடியில் நிலம் நடுங்கும் நாள் வரக்கூடும். அன்று அது நம் முகத்தைத்தான் பார்க்கும். பதில் தெரியாத கேள்விகளைக் கேட்டால், தெரிந்ததுபோல் பேச வேண்டியதில்லை. அருகில் அமர்வோம்; கையைப் பற்றுவோம்; இரவில் விளக்கை எரிய விடுவோம்; மறுநாள் காலை பள்ளி வாசல்வரை உடன் செல்வோம். அசையாத பரம்பொருளைப் பற்றிய மூன்றாவது வரத்தை உரிய காலத்தில் குருவருள் தரும். முதல் வரத்தைத் தரும் பொறுப்பையோ இறைவன் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறான். அதற்கான அமைதியை நமக்கு அருளுமாறு நாள்தோறும் அவனைப் பிரார்த்திப்போமாக.