தன்னைத் தின்னாத வயிறு

1772இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரை ஒரு காட்சி உலுக்கியது. திடீரென இறந்துபோன சிலரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, அவர்களின் இரைப்பைச் சுவர் கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. இறந்த பிறகு இரைப்பை தன்னையே செரித்துவிட்டது என்று அவர் கண்டுகொண்டார். அப்படியானால் உயிரோடு இருந்த நாளெல்லாம் ஏன் செரிக்கவில்லை? இறைச்சியைக் கரைக்கிற நீர், இறைச்சியாலேயே ஆன பையை எப்படி விட்டுவைத்தது? உயிர் என்னும் தத்துவமே அதைக் காத்தது என்று ஹன்டர் விடை சொன்னார்.

இந்தக் கேள்வியின் வேர் மருத்துவத்தைவிடப் பழையது. இறைவனே வைசுவானரன் என்னும் தீயாக உடல்களுக்குள் இருந்து உணவைச் செரிக்கிறான் என்கிறது பகவத்கீதையின் 15ஆம் அத்தியாயம். தீ என்றால் அடுப்பும் வேண்டும். அது அடுப்பைத் தாண்டி வீட்டைக் கொளுத்தாமல் காப்பது எது?

ஹன்டரின் விடையைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோத் பெர்னார் 19ஆம் நூற்றாண்டில் சோதித்துப் பார்த்தார். ஒரு நாயின் இரைப்பையில் இட்ட துளை வழியாக, உயிருள்ள தவளையின் பின்னங்கால்களை உள்ளே நுழைத்தார். தவளை உயிரோடு இருக்கும்போதே அதன் கால்கள் கரைந்தன. கொடிய சோதனைதான். ஆனாலும் அது ஒன்றைத் தெளிவாக்கியது: உயிரோடு இருப்பது மட்டுமே கவசமாகிவிடாது.

இரைப்பைக்குச் சற்றுக் கீழே, கணையத்தில், ஆபத்து இன்னும் பெரிது. புரதங்களை வெட்டும் டிரிப்சின் என்ற நொதி அங்கேதான் உருவாகிறது. 1876இல் வில்லி கூனே அதற்கு அந்தப் பெயரை வைத்தார். கணையம் அதை உறையிலிட்ட கத்தியாக, டிரிப்சினோஜன் என்னும் செயலற்ற வடிவில் தயாரிக்கிறது. குடலுக்கு வந்த பிறகே வேறொரு நொதி அதன் முனையில் ஒரு சிறு துண்டை நறுக்கி அதை விழிக்க வைக்கிறது. சிக்கல் என்னவென்றால், விழித்த டிரிப்சின் உறங்கும் மற்ற மூலக்கூறுகளையும் விழிக்க வைக்கும். கணையத்துக்குள்ளேயே ஒரு பொறி விழுந்தால் போதும், அது பற்றிப் படரும். அந்தப் பொறியை அமர்த்தத்தான் கணையம் ஒரு தடுப்பியையும் கூடவே வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் மோசஸ் குனிட்ஸும் ஜான் நார்த்ரப்பும் 1936இல் மாட்டின் கணையத்திலிருந்து டிரிப்சினையும், அதன் தடுப்பி ஒன்றையும், இரண்டும் சேர்ந்த கூட்டையும் படிகங்களாகப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பிணைப்பின் உள்ளமைப்பைக் காண மேலும் 37 ஆண்டுகள் பிடித்தன. 1973இல் மியூனிக்கில் ராபர்ட் ஹூபரின் குழு, படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறிய புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடங்களைக் கணித்தது.

அங்கே தெரிந்தது வியக்கத்தக்கது. தடுப்பி 58 அமினோ அமிலங்களால் ஆன சின்னஞ்சிறு புரதம். அதில் 15ஆம் இடத்திலுள்ள லைசின் டிரிப்சினின் குழிக்குள் நேராக இறங்குகிறது. அந்தக் குழி உணவுக்காக அமைந்தது. அதன் அடியில் எதிர் மின்னேற்றத்துடன் ஓர் ஆஸ்பார்டிக் அமிலம் காத்திருக்கிறது. தடுப்பி உணவு வருகிற அதே வழியில், உணவின் கோலத்திலேயே வருகிறது. டிரிப்சினின் வெட்டும் முனையான செரின், வெட்ட வேண்டிய பிணைப்பை ஒட்டியே நிற்கிறது. ஆனால் வெட்டு நிறைவேறுவதில்லை. மூன்று கந்தகப் பாலங்கள் இறுக்கிப் பிடித்த அந்த உடல் நெகிழாது. துண்டுகள் விலக வழியில்லை. இப்படிப் பிணைந்த இரண்டும் தாமாகப் பிரிய மாதக்கணக்காகும். மனிதக் கணையத்தில் காவல் நிற்பது வேறு வகைத் தடுப்பி என்றாலும், பிடிக்கிற முறை இதுவே.

கத்திக்கும் காவலுக்கும் ஒரே பொருள்தான். இரண்டும் புரதம், இரண்டும் அமினோ அமிலச் சங்கிலி. ஹன்டர் தேடிய காவல், கணையத்தைப் பொறுத்தவரை, பருப்பொருளுக்கு வெளியே இல்லை. இரண்டு வடிவங்கள் பொருந்துகிற பொருத்தத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டால் 1802இல் தம் இயற்கை இறையியல் நூலை எழுதிய வில்லியம் பேலி மகிழ்ந்திருப்பார். கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவரும் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இவ்வளவு நேர்த்தியான பூட்டைப் பார்த்து ஒரு பக்தர் கைகூப்பினால் அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அதையே சான்றாக நீதிமன்றத்தில் வைக்கும்போதுதான் எதிர்த் தரப்பின் சாட்சியையும் கேட்டாக வேண்டும்.

அந்தச் சாட்சி 1996இல் வந்தது. பரம்பரையாகக் கணைய அழற்சி தொடரும் குடும்பங்களை ஆராய்ந்த டேவிட் விட்காமின் குழு, டிரிப்சினின் மரபணுவில் ஒரே ஒரு மாற்றத்தைக் கண்டது. இன்று 122 என்று எண்ணப்படுகிற இடத்தில், ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின். மிஞ்சிப்போன டிரிப்சினை இன்னொரு டிரிப்சின் வெட்டி அழிக்கிற இடம் அது. அங்கே வெட்டு விழ முடியாமல் போனால், தடுப்பியின் பிடிக்கு மிஞ்சியது கணையத்தையே தின்னத் தொடங்குகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வயிற்றைக் கிழிக்கும் வலியோடு அது வெளிப்படும்.

பேலியின் கடிகாரம் இந்தக் குழந்தையின் முன் நின்றுவிடுகிறது. நேர்த்தி படைத்தவனின் கையெழுத்து என்றால், இந்தப் பிழை யாருடைய கையெழுத்து? முன்வினை என்று சொல்கிறவர்களும் தண்டனை என்று சொல்கிறவர்களும் எல்லாச் சமயங்களிலும் உண்டு. விவிலியத்தின் யோபு நூலில், துன்புறுகிறவனிடம் வந்து அவனுடைய பாவத்தைத் துருவித் தேடிய நண்பர்கள் மீதுதான் கடவுள் இறுதியில் சினம் கொள்கிறார். யோபு மீது அல்ல.

மரபணு அந்தச் சினத்துக்குக் காரணம் காட்டுகிறது. நலமாக இருக்கும் வயிறு எதையும் சம்பாதித்து நலமாக இருக்கவில்லை. அதன் ஆர்ஜினின் அதன் இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நன்றி சொல்ல அது போதுமான காரணம். அடுத்தவர் வலிக்குக் கணக்கு எழுத அதில் எந்த உரிமையும் இல்லை. கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையின் அருகே நின்று, தாங்கள் என்ன தவறு செய்தோம் என்று கேட்கும் தாய் தந்தையிடம், 122ஆம் இடத்தைக் காட்டி, நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று இன்று ஒரு மருத்துவரால் சொல்ல முடிகிறது.