குற்றம் நாடும் செவி

நுண்ணிய செவி படைத்தவன் நல்ல செவி படைத்தவன் ஆவானா? இரண்டும் ஒன்றே என்று நாம் நெடுங்காலம் நம்பியிருந்தோம். செம்பனைத் தோட்டத்துக் கிராணிக்கு இஃதென்ன ஆராய்ச்சி என்று நேயர்கள் நகைக்கலாம். ஈராண்டு போனஸ் பணத்தோடு, துணி துவைக்கும் இயந்திரத்திற்கென்று இல்லாள் சேர்த்து வைத்திருந்த பணத்தையும் வாங்கி, ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஓர் ஆம்பிளிபயரும் கொண்டுவந்த பிறகே இவ்வினா நமக்குப் பிறந்தது. ஆகவே இஃது ஏட்டு வினா அன்று.

நாம் வாங்கியவை எல்எஸ் 3/5ஏ என்னும் வகையைச் சேர்ந்த பழைய ஸ்பீக்கர்கள். உயரம் ஓரடிதான். 1970-களில் பி.பி.சி. பொறியியலார், வெளியூர் செல்லும் ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்தில் வைத்துக் கேட்பதற்காக இவற்றை வகுத்தனர். மனிதக் குரலை இயல்பாகக் காட்டுவதில் பெயர் பெற்றவை. ஆனால் அவை பிறந்த நோக்கம் யாது? வானொலிக்குச் செல்லும் ஒலியிலே பிழையிருந்தால் உடனே கண்டுகொள்வது. பிழை தேடப் பிறந்த கருவியை நாம் வீட்டுக் கூடத்திலே குடியேற்றினோம்.

அது தந்த இன்பத்தை மறைத்தல் நன்றியன்று. பாடகர் மூச்சை உள்வாங்கும் இடம் தெரிந்தது. தவிலிலே குச்சியின் அடியும் விரற்கூட்டின் அடியும் தனித்தனியே விழுந்தன. தம்புராவின் ஒலி அறையெங்கும் நின்றது. மலிவே மேன்மை என்பாரோடு நாம் உடன்படோம். எனினும் இவ்வின்பத்திற் பெரும்பகுதி காசால் வந்ததன்று. ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு இரண்டடி முன்னே இழுத்தோம். அவை இரண்டும் நம் நாற்காலியும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக நிற்கச் செய்தோம். வெறுந் தரையிலே பாய் விரித்தோம். தெளிவு பிறந்தது. ஆம்பிளிபயரின் ஆற்றலை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல் மட்டுமே என்பதைப் பணம் கொடுத்த பின்னரே படித்தோம்!

இனித் தீங்கைச் சொல்வோம். காற்றாடியின் இரைச்சல் இசையைக் கெடுத்தது, நிறுத்தினோம். பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போயினர். அங்கே அவர்கள் சிரித்ததும் இரைச்சலாயிற்று, அதட்டினோம். இசை கேட்க அமர்ந்தவன் வீட்டிலே எழும் ஒவ்வோர் ஒலிக்கும் பகைவனானான்.

ஒருநாள் மாமனார் வந்திருந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் அவருக்கு உயிர். பழைய 78 சுழற்சித் தட்டிலிருந்து எடுத்த பதிவை வைத்து, முக்கோணத்தின் முனையிலே அவரை அமர்த்தினோம். சிறிது நேரத்தில் அவர் எழுந்து, வாசற்படியிலே காற்றாட உட்கார்ந்துகொண்டார். நமக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, அங்கே சரியாகக் கேட்காது. இங்கே வந்து உட்காருங்கள்.”

“நாயனம் கேட்கிறதே மாப்பிள்ளை, போதாதா?”

இடமும் வலமுமாகப் பிரித்துப் பதியும் முறைக்கு ஆலன் புளூம்லைன் 1931-லேயே உரிமை கோரியிருந்தார். ஆயினும் அவ்வகைத் தட்டுகள் கடைக்கு வந்தது 1958-ஐ ஒட்டியே. ராஜரத்தினம் பிள்ளையோ 1956-லே மறைந்தார். அந்தப் பதிவிலே இடமும் இல்லை, வலமும் இல்லை. இதை நன்கறிந்தும் நாம் முதியவரை நாற்காலிக்கு அழைத்தோம். அவர் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். நாமோ ஊசி உராயும் ஒலியை அளந்துகொண்டிருந்தோம். மூன்று நிமிடத்திலே தட்டு முடிந்தது. அதில் தோடி இருந்ததா என்று யாரேனும் கேட்டிருந்தால் நாம் விழித்திருப்போம்.

நக்கீரரும் குற்றம் கண்டவர்தாமே என்று மனம் வாதாடியது. மெய், ஆனால் அவர் குற்றம் கண்டது பாட்டின் பொருளிலே, ஏட்டில் எழுத்தாணி கீறிய கீறலில் அன்று. பொருளறிந்து குறை காண்பவன் பாட்டுக்குள்ளே நிற்கிறான். கீறலைக் காண்பவன் வாயிலிலேயே நின்றுவிடுகிறான். பழகிப்போன இச்செவியை இனி மழுக்கவும் இயலாது, விற்கவும் இயலாது.

கருவிகளை விற்கலாமா என்று எண்ணியதுண்டு. இல்லாளே தடுத்தாள், இயந்திரத்தை அடுத்த போனஸில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். காற்றாடி இப்போது ஓடுகிறது. சென்ற மாதம் மாமனார் வந்தபோது அவர் பக்கத்திலே வாசற்படியில் அமர்ந்து அதே தோடியைக் கேட்டோம். முதல் நிமிடம் உராயும் ஒலிதான் கேட்டது.