கூம்பின் சங்கல்பம்

இன்று வாழும் விதைத் தாவரங்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றான சைக்கஸ் வகுப்பில் மகரந்தத்தைக் காற்றே கொண்டுசேர்க்கிறது என்று தாவர நூலோர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். ஆனால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் காடுகளில் வளரும் மாக்ரோஸாமியா லூசிடாவின் ஆண் கூம்பு, நடுப்பகலில் சூழ்ந்த காற்றைவிட 12 டிகிரி வரை வெப்பமேறி, கடும் நெடியைக் கக்கி, தன்னுள் மகரந்தம் தின்றுகொண்டிருந்த இலைப்பேன்களை வெளியே துரத்த, அவை மேனியெங்கும் துகளோடு, அதே வாசனை மெல்லெனக் கமழும் பெண் கூம்பை நாடிச் செல்கின்றன. அங்கே அவற்றுக்கு உண்ண மகரந்தமில்லை.

வஞ்சனை என்றே சொல்லலாம், வஞ்சிப்பவர் யார்? அறிவற்ற பால் கன்றின்பொருட்டுச் சுரப்பதுபோல அறிவற்ற பிரகிருதியாகிய இயற்கையும் புருஷனாகிய ஆன்மாவின் மோட்சத்தின்பொருட்டு இயங்கும் என்று சாங்கிய காரிகை கூற, பாலுக்குப் பின்னால் உயிருள்ள பசுவும் அதன் வாத்ஸல்யமும் உள்ளனவே என்று சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் மறுத்தார். கூர்மையான மறுப்புதான், எனினும் கூம்புக்கு வாத்ஸல்யம் ஏது?

நெடி வீசிய கூம்புகளின் சந்ததியே மிஞ்சியது என்பர் டார்வின் வழியினர்; எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு அவ்விடை எனக்குப் போதும், ஈசுவரனை இலைப்பேன் மேய்ப்பவனாக்க எனக்கு மனமில்லை. ஆயினும் நியமம் என ஒன்று ஏன் இருக்கவேண்டும் என்ற வினாவில், அறிவற்றதன் பின்னால் அறிவு வேண்டும் என்ற சங்கரர் பக்கமே சாய்கிறேன்.