வரம் கொடுப்பவனின் வேலை

சேலையூரில் நண்பன் வீட்டு மாடி அறை. ஞாயிறு மதியம். ஐந்து பேர், ஒரு பிளாஸ்டிக் டேபிள், பகடைகள், ஆறிப்போன டீ. இரண்டரை வருஷமாக விளையாடிக்கொண்டிருந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையில் எங்கள் மந்திரவாதி அன்றைக்குத்தான் 17-ஆம் லெவலைத் தொட்டிருந்தான். அந்த லெவலில்தான் 'விஷ்' என்ற மந்திரம் கைக்கு வரும். வாயைத் திறந்து கேட்டால் போதும், நடக்கும். ஆட்டத்திலேயே பெரிய மந்திரம் அதுதான்.

விளையாடாதவர்களுக்கு: ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் உலகத்தையும் விதியையும் பார்த்துக்கொள்வார். அவர் டன்ஜன் மாஸ்டர். எங்கள் மேசையில் அது நான்.

மந்திரவாதி தங்கமோ சிம்மாசனமோ கேட்கவில்லை. அவனுடைய தம்பி, கதையின் முதல் மாதத்திலேயே டிராகன் நெருப்பில் சாம்பலானவன். "என் தம்பி அன்னிக்குச் செத்திருக்கக் கூடாது" என்றான். நான் இரண்டு நொடி யோசித்துவிட்டுச் சொன்னேன்: "சரி. அவன் சாகவில்லை. ஏனென்றால் அவன் பிறக்கவே இல்லை. உனக்குத் தம்பி இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை, உன்னைத் தவிர."

மேசை அதிர்ந்தது. ஒருத்தன் கைதட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் கிழக்குத் தாம்பரம் டீக்கடையில் நிற்கும்போது மந்திரவாதியாக விளையாடுபவன் சாதாரணமாகக் கேட்டான்: "நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அதுதான் பிரச்சினை.

விதிப்புத்தகம் என் பக்கம்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, விஷ்ஷின் வார்த்தைகளை இஷ்டப்படி பொருள்கொள்ள டன்ஜன் மாஸ்டருக்கு இடம் கொடுக்கிறது. அதுவே தரும் உதாரணம்: வில்லன் சாகவேண்டும் என்று ஒருவன் கேட்டால், வில்லன் ஏற்கெனவே செத்துப்போன எதிர்காலத்துக்கு அவனைத் தூக்கிப்போட்டுவிடலாம். ஆசாமி ஆட்டத்தைவிட்டே அவுட். 1902-இல் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய குரங்குக் கைக் கதையில் ஒருவர் 200 பவுண்டு கேட்கிறார். மகன் செத்ததற்கான இழப்பீடாக அது வருகிறது. விஷ் கேட்பவனை மாட்டிவிடுவது இந்த மரபில் கிட்டத்தட்ட ஒரு கலை.

நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்? தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வரும். அங்கே பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்குள் இருக்கிறார். அவரை வலம் வரவேண்டுமென்றால் குன்றையே சுற்றவேண்டும். நான் சுற்றியிருக்கிறேன், மனதுக்குள் இரணியனின் வரத்தை டெஸ்ட் கேஸாகப் பிரித்துக்கொண்டு. மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. எந்த எஞ்சினியரும் மதிக்கும் ஸ்பெசிஃபிகேஷன். சிங்க முகமும் அந்தி நேரமும் வாசற்படியும் அதிலிருந்த ஓட்டைகள். என் தம்பி-தீர்ப்புக்கு இதைத்தான் முன்னுதாரணமாக வைத்திருந்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் பிரம்மா வரம் கொடுக்கும்போது ஓட்டை போட்டுக் கொடுக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தார். இரணியன் அதை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையையே கொல்லப் பார்த்த பிறகுதான் ஓட்டை தேடப்படுகிறது. அதுவும் ஏன்? கொடுத்த வாக்கை உடைக்கக் கூடாது என்பதால். நரசிம்மம் அத்தனை சிரமப்பட்டு அந்தியில் வாசற்படியில் உட்காருவது வரத்துக்குச் செய்யும் மரியாதை.

என் தீர்ப்புக்கு உண்மையான முன்னுதாரணம் கும்பகர்ணன். அவன் வரம் கேட்கப்போகிறான் என்றதும் தேவர்கள் பயந்துபோய் முறையிட, சரஸ்வதி அவன் நாக்கில் உட்கார்ந்துகொள்கிறாள். நம் வீடுகளில் சொல்லும் கதையில் இந்திராசனம் கேட்க வாயெடுத்தவன் நித்திராசனம் என்று உளறிவிடுகிறான். அவன் ஒன்றும் அப்பாவி இல்லை. இருந்தாலும், கேட்கிறவனின் வாய்க்குள் புகுந்து வார்த்தையை மாற்றுவதற்குப் பெயர் வரமா? தண்டனை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே. இந்தத் தூங்குமூஞ்சியைத்தான் கம்பன், அண்ணன் செய்வது தப்பு என்று தெரிந்தே அண்ணனுக்காகச் சாகிறவனாக்கி நம்மைக் கலங்கவைக்கிறான்.

வார்த்தை சாமர்த்தியமே எனக்குப் பிடிக்காது என்றில்லை. பார்வையில்லாத ஏழைக் கிழவர் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு வரம் என்கிறார் கடவுள். ஏழடுக்கு மாளிகையில் என் பேரன் தங்கக் கிண்ணத்தில் பால்சோறு சாப்பிடுவதை நான் கண்ணால் பார்க்கணும் என்கிறார் கிழவர். கண், ஆயுள், வாரிசு, பணம் எல்லாம் ஒரே வாக்கியத்தில். கடவுள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுகிறார். சாவித்திரி நூறு பிள்ளைகளைக் கேட்டு எமனை மடக்கியதும் இதே ஜாதி. இரண்டிலும் ஓட்டையைக் கண்டுபிடிப்பது கையில் ஒன்றுமே இல்லாத ஆள். மேலே இருப்பவர் தோற்கிறார், தோற்றதில் அவருக்கு வருத்தமும் இல்லை. அதே சாமர்த்தியம் மேலிருந்து கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் புராணம் வேண்டாம், எங்கள் பக்கத்து ஃபிளாட் விளம்பரங்கள் போதும். 'ஸ்டேஷனிலிருந்து 10 நிமிடம்' என்பார்கள், எதில் போனால் என்று சொல்லமாட்டார்கள். தண்ணீர்ப் பிரச்சினையே இல்லாத வீடு வேண்டும் என்று முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வந்தவர்களுக்கு 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள்ளேயே வந்தது. குரங்குக் கை தோற்றது.

எல்லாவற்றையும் கேட்டபடி கொடுத்தால் ஆட்டம் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான், விலை இருக்கவேண்டும். ஆனால் விலை வேறு, பொறி வேறு. விஷ்ஷை அதன் வழக்கமான எல்லைக்கு வெளியே பயன்படுத்தினால், அதை மறுபடி எப்போதுமே பயன்படுத்த முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு உண்டு. கொடூரமான விதி, ஆனால் கேட்பதற்கு முன்பே எழுதியிருக்கிறது.

தசரதனை நினைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் பரதனுக்கு முடிசூட்டி மறுநாள் இறக்கியிருக்கலாம். அயோத்தியை ஒட்டிய ஏதோ ஒரு தோப்பைக் காடு என்று சொல்லியிருக்கலாம். நான் டன்ஜன் மாஸ்டராக இருந்தால் நிச்சயம் செய்திருப்பேன். அவர் கைகேயியின் காலில் விழுந்து கெஞ்சுகிறார். அவள் சொன்னதற்கு வேறு அர்த்தம் இருப்பதாக மட்டும் நடிக்கவில்லை. அந்த வாக்குக்கான விலையைக் குற்றமே செய்யாத இன்னொருவன் கட்டினான் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் கேட்டவளுக்கு அவர் செவி கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மேசையில் உட்கார்ந்ததும் சொன்னேன்: "போன வாரத் தீர்ப்பு வாபஸ். தம்பி பிழைப்பான். ஆனா 33 ரிஸ்க் இருக்கு, உருட்டணும். சம்மதமா?"

"தெரிஞ்சுதானே கேட்டேன்" என்றபடி உருட்டினான். 28. விஷ் போயிற்று, இனி இந்தக் கதை முடியும்வரை கிடையாது. மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவன் பகடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி என்ன சொல்றான்?" என்றான்.

நான் அதற்கு எதையுமே தயார் செய்திருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பையனுக்கு என்ன குரல் வைத்திருந்தேன் என்பதுகூட ஞாபகமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அண்ணா, பசிக்குது" என்றேன்.