மலிவு விலையும் நெய்தவரின் ஹக்கும்





அவிநாசியில் பனியன் தொழிலோடு சம்பந்தமில்லாத குடும்பம் குறைவு. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வீட்டுக்கு ஒருவராவது போகிறார். அதனால் ஒரு கேள்வி நம்மிடையே அடிக்கடி வருகிறது. "ஹஜ்ரத், வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் சரக்கை வாங்கலாமா? உள்ளூர்க்காரன் கையால் செய்ததை, விலை கூடினாலும் வாங்க வேண்டுமா?"

கேள்விக்குக் காரணம் உண்டு. 2011இல் பங்களாதேஷின் 46 வகை ஜவுளிப் பொருள்களுக்கு இந்தியா சுங்க வரியை நீக்கியது. அதன் பிறகு அந்த நாட்டுச் சரக்கைப் பற்றிய கவலை திருப்பூர் வியாபாரிகளிடம் இருந்துகொண்டே இருக்கிறது. 2025 மே மாதம் அந்த ஆடைகள் தரைவழியாக வருவது நிறுத்தப்பட்டு, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே அனுமதி என்று ஆனது.

மார்க்கம் என்ன சொல்கிறது? வெளியூர்ச் சரக்கு என்பதற்காக ஒரு பொருள் ஹராம் ஆவதில்லை. நபி (ஸல்) அவர்கள் யமன் நாட்டுக் கோடு போட்ட ஆடையை மிகவும் விரும்பினார்கள். ஷாம் நாட்டு ஜுப்பாவும் அணிந்திருக்கிறார்கள். குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அல்லாஹ் தன் அருட்கொடையாகவே நினைவூட்டுகிறான். நம்மையே பாருங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திருப்பூர் பனியன்தான் மலிவான வெளிநாட்டுச் சரக்கு. வெளிநாட்டுச் சரக்கே கூடாது என்று எல்லோரும் முடிவெடுத்தால் முதலில் அணைவது நம் வீட்டு அடுப்பு.

டாக்காவில் தைப்பவரும் நம்மைப் போன்ற ஏழைதான். 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவுக்கு அருகில் சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. ஆனாலும் ஆர்டர் நிற்கக் கூடாது என்று மறுநாள் தொழிலாளிகளை உள்ளே அனுப்பினார்கள். அந்தத் துணியைக் குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு, மிச்சமான பணம் யாருடைய பங்கு என்பது தெரியாது.

அப்படியானால் அளவுகோல் எது? ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் வாசிகளிடம் அளவையையும் நிறுவையையும் பற்றிப் பேசியதோடு நிறுத்தவில்லை. மக்களின் பொருள்களில் குறைவு செய்யக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். அரபியில் இதற்கு 'பக்ஸ்' என்று பெயர். உரியதைவிடக் குறைத்துக் கொடுப்பது, பொருளின் மதிப்பை மட்டமாகப் பேசுவது எல்லாம் இதில் அடங்கும். அங்கே அல்லாஹ் 'அந்நாஸ்', மனிதர்கள் என்றே சொல்கிறான். முஸ்லிம்களுக்கு மட்டுமான ஹக்கு அல்ல இது.

இங்கிருந்து நெடுஞ்சாலையில் போனால் பவானி. அந்த ஊர் ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழித்தறியில் உட்கார்ந்து கையால் நெய்வது அது. அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தள்ளித்தான் நெய்ய முடியும். ஒரு காலத்தில் நிக்காஹ் என்றால் முதலில் விரிப்பது ஜமக்காளம். இன்று அந்த இடத்தில் பிளாஸ்டிக் பாயும் மிஷின் கார்ப்பெட்டும் கிடக்கின்றன.

அதை விரித்தவர் மீது குற்றம் சொல்ல வரவில்லை. கூலிக்குப் போகிறவர் பிள்ளைகளுக்குப் பெருநாள் துணியை மலிவாக எடுத்தால் அதில் பாவம் ஏதுமில்லை. சக்திக்கு மேல் அல்லாஹ் யாரையும் சிரமப்படுத்துவதில்லை. என் பேச்சு வசதி உள்ளவரிடம். பெரிய ஷோரூமில் சீட்டில் போட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். தறிக்காரரிடமோ பாய் முடைபவரிடமோ போனால், "பாதி விலைக்கு மிஷின் சரக்கு கிடைக்குதே" என்று அடித்துப் பேசுகிறோம். வாங்காமல் வருவது நம் விருப்பம். அவர் நெருக்கடியைப் பயன்படுத்தி உழைப்பைக் குறைத்துப் பேசி வாங்குவது பக்ஸ்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதற்கு மேல் பெறும் என்று சொல்லி, தாமே விலையை ஏற்றி ஏற்றி 800 கொடுத்தார்கள். வாங்குகிறவர் விலையை ஏற்றுகிறார்! எல்லோருக்கும் நலம் நாடுவேன் என்று நபியிடம் கொடுத்த பைஅத் அவர்களை அப்படிச் செய்ய வைத்தது.

ஒரு பெண்மணி தம் கையால் நெய்த போர்வையை நபி (ஸல்) அவர்களுக்குக் கொண்டு வந்தார். என் கையால் நெய்தேன் என்பதைத் தாமே எடுத்துச் சொன்னார். நபியவர்கள் தேவையோடு அதைப் பெற்று, உடுத்திக்கொண்டே வெளியே வந்தார்கள். கை உழைப்புக்குக் கொடுத்த கண்ணியம் அது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜமக்காளம் உட்பட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர்கள் உண்டு. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்தவரை நபி (ஸல்) எச்சரித்தார்களே, அதே மோசடிதான் இதுவும். மிஷின் சரக்கை மிஷின் சரக்கு என்று சொல்லி விற்றால் அது ஹலாலான வியாபாரம்.

கம்பெனி வைத்திருக்கும் சகோதரர்களே! வெளிநாட்டு மலிவுச் சரக்கு நம்மை அழிக்கிறது என்கிறீர்கள். அந்தப் போட்டியையே காரணம் காட்டித் தையல்காரரின் பீஸ் ரேட்டைக் குறைத்தால், எதைக் குறை சொன்னோமோ அதையே நாமும் செய்கிறோம். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது, எந்த ஊர் சரக்கு என்று பார்ப்பதோடு, இந்த விலையில் செய்தவருக்கு உரியது போய்ச் சேருமா என்றும் கேளுங்கள். முடிந்தவர்கள் வீட்டு நிக்காஹுக்கு ஒரு கைத்தறி ஜமக்காளமாவது, பேரம் பேசாமல் வாங்குங்கள். முடியாதவர்கள், கையால் செய்பவரின் பொருளை வாயால் மட்டம் தட்டாமல் இருங்கள். அதுவும் ஒரு ஸதக்காதான்.

யாருடைய ஹக்கும் நம் வீட்டுக்குள் வராமல் அல்லாஹ் பாதுகாப்பானாக. நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.