சிப் சொல்லும் ‘காலி’

காசு கொடுத்து வாங்கின கார்ட்ரிட்ஜ் யாருக்குச் சொந்தம்? வீட்டில் மை நிரப்பும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். பழைய நாளிதழ் விரித்து, கையுறை போட்டு, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக இறக்கணும். உள்ளிருக்கும் பஞ்சு குடிக்க நேரம் தரணும். சிந்தாது. ஆனால் நிரம்பிய பிறகும் அதிலுள்ள சிப் ‘காலி’ என்றே சாதிக்கும்.

பிரிண்டரை மலிவாக விற்று மையில் ஈடுகட்டுகிறோம் என்பது நிறுவனங்களின் நியாயம். அந்த மலிவை நானும் அனுபவித்தேன்தான். அதற்காக என் மேசைமேல் இருப்பதை என்னிடமிருந்தே பூட்டி வைக்கலாமா? 2017இல் லெக்ஸ்மார்க் டோனர் வழக்கில், விற்றதோடு காப்புரிமை தீர்ந்தது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். சிப்புக்குத் தீர்ப்பு தெரியாதே!

முழு விலையை முதலிலேயே சொல்லட்டும். வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவெடுக்கிறேன். மறைத்துத் தரும் மலிவு சலுகை இல்லை, தூண்டில்.